பஸ்ஸைத் திருப்பச் சொன்னவளுக்கு

பிள்ளையாருக்குச் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன், மகள். நீ இந்த நேரம் எந்த மலையில், எந்த வளைவில், யாருக்கு வாந்தி வந்து பையைத் தேடிக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன் நீ “சாப்பிட்டீங்களா அம்மா, மருந்துக் குளிசை போட்டீங்களா” என்று கேட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் உன் வேலையைப் பற்றிக் கதைத்தவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தோடு வேலையை விடுவதாக நீ ஒரு கடிதம் எழுதி உன் பையில் வைத்திருக்கிறாய். அதைக் கொடுக்காதே. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பொறுமையாக வாசி. நான் ஒன்றைத் தொடங்கினால் ஊர் சுற்றித்தான் வருவேன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குக் கலியாணம் பொருந்தியபோது உன் மாமி வேறொன்றும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. கட்டைபறிச்சானில் தன் கையாலேயே வயலைப் பார்த்து, புருஷன் இல்லாமல் மகனைப் படிப்பித்து ஆளாக்கிய மனிசி. எங்கள் முன்விறாந்தையில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல், ஒன்றே ஒன்றுதான் சொன்னா. “பிள்ளையில எனக்கு விருப்பம். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு ஊர் பேர் தெரியாத ஆக்களை பஸ்ஸில ஏத்திக்கொண்டு நாடு நாடாத் திரியிற வேலை வேண்டாம்.” மருமகன் நிலத்தைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்து, “ஓம் அக்கா, விட்டிடுவா” என்றேன். குசினி வாசலில் நின்ற உன்னை நான் ஒரு சொல் கேட்கவில்லை. நீயும் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். ஒத்துக்கொண்ட இரண்டு பயணங்களையும் முடித்துவிட்டு விடுகிறேன் என்று இரவு சாப்பிடும்போதுதான் சொன்னாய். அதில் முதலாவதுக்கு என்னையும் உன் மாமியையும் கூட்டிக்கொண்டு போகிறாய் என்றும் சொன்னாய். “விடுறதுக்கு முதல் என்ன வேலை எண்டாவது பாருங்கோவன்” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அசர்பைஜான், ஜோர்ஜியா, ஆர்மீனியா. மூன்றும் அடுத்தடுத்த நாடுகள், மூன்றிலும் மலை. நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு பெயர்களைப் பாடமாக்கினேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என்னென்ன கொண்டுபோவது என்று எழுதினேன். பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மோர் மிளகாய், ஊறுகாய், பயத்தம் மாவு, திருநீற்றுப் பொட்டலம். உன் அப்பா முழங்கால் நோவென்று வரவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மூண்டு நாட்டுக்கும் சேர்த்துச் சமைக்கப் போறியோ” என்று கேட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரம் தூக்கி இறக்குவதைப் பார்த்த மனிசன் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று ஊறுகாய்ப் போத்தலை மட்டும் வெளியே எடுத்தேன். பிறகு பார்த்தால் உன் மாமியும் தன் பையில் ஒரு ஊறுகாய்ப் போத்தல் கொண்டுவந்திருந்தா. கொழும்புக்குப் போகிற வான் கப்பல்துறை ஊரைத் தாண்டுமுன்னே எங்கள் வடைப் பெட்டி திறந்தாயிற்று.

பாக்கு நகரத்துக்கு வெளியே நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போன அந்த நெருப்புக் கோயிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சுற்றிவரக் கல்லால் கட்டிய சின்னச் சின்ன அறைகள், நடுவில் நாலு தூணுக்குள் எரிகிற நெருப்பு, அதன் உச்சியில் ஒரு சூலம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் கும்பிட்ட இடம் என்றாய். வாசலில் வெட்டியிருந்த வடநாட்டு எழுத்தைக் காட்டி, இதில் முதலில் பிள்ளையார் பெயர்தான் இருக்கிறது என்று சொன்னாய். கோணேசர் மலையில் கடல் காற்றில் நின்று கும்பிட்ட எனக்கு, எங்கோ ஒரு பாலைவெளியில் பிள்ளையார் எனக்கு முன்னே வந்து வாசலில் இருந்ததைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. உன் மாமி பக்கத்தில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, தேவாரம் பாடினா. எனக்குத் தெரியாது அவவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று. வேறு நாட்டுப் பெடியன்கள் படம் பிடித்தார்கள். நீ ஒரு ஓரமாக நின்று, அவ பாடி முடியும்வரை குழுவை நகர்த்தாமல் வைத்திருந்தாய். மற்றக் குழுக்களின் வழிகாட்டிகள் கொடியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டபோது நீ உன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்ததை நான் கவனித்தேன்.

ஆனால் உன் ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் எங்கே நின்று வெளிக்கிட்டாலும் நீ நடுப்பாதையில் நடந்து, விரலை நீட்டி, தலை தலையாக எண்ணுவாய். ஆக்களை அப்படி எண்ணக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே உனக்குச் சொல்லி வளர்த்தது நான். பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு. பந்தியில் இருப்பவர்களை எண்ணினால் சோறு குறையும். மட்டக்களப்பு வாத்தியார் ஐயா, ஓய்வு பெற்றும் அதிகாரம் ஓய்வு பெறாதவர், ஒவ்வொரு முறையும் “நாங்கள் என்ன பட்டிக்குத் திரும்புற மாடோ” என்று பின்னுக்கிருந்து கேட்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். நீயும் சிரித்துக்கொண்டே எண்ணுவாய். இன்னொன்றும் செய்தாய். முதல் நாளே ஒலிவாங்கியைப் பிடித்து, “ஆராவது எங்களைத் தவறவிட்டா, தேடிக்கொண்டு வெளிக்கிடாதேங்கோ. நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ. நான் வருவன்” என்றாய். நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா என்று எல்லோரும் தங்களுக்குள் கதைத்தார்கள். நானும் கதைத்தேன்.

ஜோர்ஜியாவின் அந்தப் பெரிய பனிமலைக்குப் போய் இறங்கிய நாளுக்கு வருகிறேன். மேகத்துக்குள் ஒளிந்து ஒளிந்து தெரிந்த அந்தச் சிகரத்தைப் பார்த்துவிட்டு, கீழே வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். காளான் உள்ளே வைத்த கொழுக்கட்டை தந்தார்கள். நுனியைப் பிடித்து, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கடிக்க வேண்டும் என்று நீ காட்டித் தந்தாய். வாத்தியார் ஐயா சாற்றைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். வெளிக்கிடும் நேரம் அவருக்குத் தலை சுற்றியது. நீ அவரை முன் ஆசனத்தில் சாய்த்து இருத்தி, தண்ணீர் கொடுத்து, விசிறிக்கொண்டே, “அம்மா, எல்லாரும் ஏறிட்டினமோ எண்டு ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ” என்றாய்.

எண்ணச் சொன்னாய். நான் எண்ணவில்லை. விரலை நீட்ட மனம் வரவில்லை. எங்கள் ஊரில் பந்திக்கு ஆள் பார்ப்பது போல வீடு வீடாகக் கேட்டேன். கொழும்பு ஆக்கள் வந்திட்டினமோ? ஓம். கிண்ணியா டொக்டர் குடும்பம்? ஓம், இருக்கிறம். மட்டக்களப்பு? வாத்தியாரின் மனைவி கையை உயர்த்தினா. எங்கள் வீட்டு ஆக்கள் என்று வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி நான்தானே சொல்ல வேண்டும். நீ ஆசனங்களைத் தினமும் மாற்றிவிடுவதால் அன்றைக்கு உன் மாமி கடைசி வரிசையில். அங்கே போர்வை போர்த்தபடி ஒரு உருவம் தெரிந்தது. சாப்பிட்டதும் அவ போர்த்துக்கொண்டு நித்திரை கொள்வது வழக்கம். “ஓம் பிள்ளை, எல்லாரும் இருக்கினம்” என்று சொன்னேன். பஸ் வெளிக்கிட்டது.

நெடுகப் போனோம். பாட்டுப் போட்டார்கள். நான் எள்ளுருண்டைப் பெட்டியை எடுத்துப் பின்னுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் டொக்டரின் மனைவி, “அக்கா, உங்கட சம்மந்தி எழும்புறா இல்லை” என்றா. தட்டி எழுப்புங்கோ என்றேன். அவ போர்வையை விலக்கினா. உள்ளே உன் மாமியின் கைப்பையும், அதற்கு மேல் குந்தியிருந்த என்னுடைய சுவெட்டரும்தான் இருந்தன.

மகள், அந்த நேரம் என் மனதில் ஓடியதை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. மலை ரோட்டில் அந்த மனிசி தன்னந்தனியாக. போன் இந்தப் பைக்குள். எங்கள் பாஷையைத் தவிர ஒரு சொல் தெரியாது. மருமகனுக்கு என்ன சொல்வது? இந்தக் கலியாணம் இந்த ரோட்டிலேயே முடிந்தது, அதோடு உன் வேலையும் கெட்ட பெயரோடு முடிந்தது, அதையும் செய்தவள் நானே என்று நினைத்தேன். கோணேசரே, பால் அபிஷேகம் செய்கிறேன் என்று நேர்ந்துகொண்டே முன்னுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ ஏசுவாய் என்று காத்து நின்றேன். நீ என் கையைப் பிடித்து ஆசனத்தில் இருத்தினாய். அந்த ஊர் வழிகாட்டியிடம் என்னவோ சொன்னாய். அவன், ரஷ்யாவுக்குப் போகிற லொறிகள் வரிசையாக நிற்கின்றன, இந்த இடத்தில் திருப்ப ஏலாது என்று கையை விரித்தான். திருப்பக்கூடிய முதல் இடத்தில் திருப்பட்டும் என்றாய். கடைக்குப் போன் எடுக்கச் சொன்னாய், யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒலிவாங்கியை எடுத்தாய்.

“ஐயாமார், அம்மாமார், எங்கட ஆள் ஒராள் மேல நிக்கிறா. போய்க் கூட்டிக்கொண்டு வருவம். வரேக்க மலை தெரியாத பக்கம் இருந்த ஆக்களுக்கு இப்ப நல்ல பக்கம் கிடைக்குது.”

அரை மயக்கத்தில் இருந்த வாத்தியார் ஐயா கூட எழும்பி ஜன்னல் பக்கம் மாறினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் மட்டும் உன் சீலைத் தலைப்பைப் பிடிப்பது போல உன் ஜக்கெற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவ எங்கேயாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“நடக்கமாட்டா அம்மா. அந்த இடத்திலேயே நிப்பா.”

“எப்பிடியடி தெரியும்?”

“முதல் நாள் நான் சொல்லேக்க அவ ஒராள்தான் தலையாட்டினவ.”

கடைக்கு முன்னால் பஸ் நின்றபோது வெளியே யாரும் இல்லை. நீ உள்ளே ஓடினாய், நான் பின்னால் ஓடினேன். குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். அங்கே உன் மாமி, சேலைக்கு மேல் ஒரு பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை வரை மாவோடு, இரண்டு ஜோர்ஜியாப் பொம்பிளைகளுக்கு நடுவில் நின்று கொழுக்கட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தா. அவர்கள் தங்கள் பாஷையில் என்னவோ கேட்கிறார்கள். இவ தமிழில் பதில் சொல்கிறா. மூன்று பேருக்கும் விளங்குகிறது. எங்களைக் கண்டதும் அவ ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. மாவுக் கையை உயர்த்திக் காட்டி, “மச்சாள், இஞ்ச வந்து பாருங்கோ, இவையள் மோதகத்தைத் தண்ணியில போட்டெல்லோ அவிக்கினம்” என்றா. அதுவரை நான் அவவுக்கு ஊர் முறைக்குத் தங்கச்சி. அந்தக் குசினியில்தான் முதன்முதலாக, சம்பந்த முறையில் மச்சாள் ஆனேன். கைகழுவப் போன இடத்தில் பொம்பிளைகள் மா பிசைவதைப் பார்த்து நின்றிருக்கிறா, வெளியே வந்தால் பஸ் இல்லை. வாசலில் நின்றிருக்கிறா. குளிருது என்று அந்தப் பொம்பிளைகள்தான் உள்ளே கூட்டிப்போய், கையில் மாவைக் கொடுத்திருக்கிறார்கள். வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடிதான் மடிப்பு வைத்தாவாம்.

பஸ்ஸில் அவவை என் பக்கத்தில் இருத்தினேன். மன்னியுங்கோ என்று சொல்லத் தொடங்கினேன். அவ கையை அசைத்து நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னா. நீ முன்னுக்கு இருந்தாய், உனக்குக் கேட்டிராது. அதனால் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

“சண்டை நேரம் ஊரை விட்டு ஓடேக்க, சனத்துக்குள்ள நான் தவறிப்போனன் மச்சாள். நிண்ட இடத்திலேயே ஒரு பகல் முழுக்க நிண்டனான். ஆரும் திரும்பி வரேல்லை. வர ஏலாது, அது அப்பிடி ஒரு காலம். நான்தான் பிறகு எல்லாரையும் தேடிப் போனனான். இண்டைக்கு அந்த பஸ் வளைவில திரும்பி வந்ததைப் பார்க்க…” சீலைத் தலைப்பால் ஜன்னலைத் துடைத்துவிட்டு, “ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக ஆருக்கும் ஏலும். திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறதெல்லோ வேலை” என்றா. பிறகு என் தோளில் சாய்ந்து நல்ல நித்திரை. அந்தப் போர்வைக்குள் ஆள் இருக்கிறாவா என்று நான் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஆர்மீனிய எல்லையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதவேண்டும், ஊரும் வாசிக்கட்டும். கடவுச்சீட்டு முத்திரை குத்தி எல்லோரும் அடுத்த பக்கம் போய் பஸ்ஸில் ஏறும்போது, உன் மாமி உனக்கு முன்னால் போய் வாசற்படியில் நின்றுகொண்டா. இனி நான் எண்ணுகிறேன் என்றா. முதலில் ஏறியவர் வாத்தியார் ஐயா. அவரைப் பார்த்து “லாபம்” என்றா. அடுத்தவருக்கு “இரண்டு”, அடுத்தவருக்கு “மூன்று”. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித் தொடங்குவார்களே, அதே குரல், அதே ராகம். நெல்லை அப்படி அளந்தால் பெருகுமே தவிரக் குறையாது. ஆட்களுக்கும் அப்படித்தானே! இத்தனை வருஷம் அரிசி அளக்கிற நான் இதை யோசிக்கவில்லை. ஒரு கண்ணூறும் இல்லாமல் பஸ் ஆக்கள் முழுப்பேரையும் எண்ணி முடித்தா. அதற்குப் பிறகு வாத்தியார் ஐயா மாடு என்று கதைக்கவே இல்லை. எங்கே நிறுத்தினாலும் முதலில் ஓடிவந்து ஏறி, “நான்தான் லாபம்” என்று மனைவிக்குச் சொல்வார். ஏரிக்கரையில் கிண்ணியா டொக்டர் அவருக்கு முன்னால் ஏறிவிட்டாரென்று சின்னப் பிள்ளை போலக் கோபித்துக்கொண்டார்.

உனக்குக் கலியாணம் நடக்கப்போகிறது. தாய் என்றால் புத்தி சொல்லத்தான் வேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. சாமான் சுற்றிவந்த பேப்பரை விரித்து வாசித்துப் படித்தவள். எனக்கு அந்த மலையில் விளங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரை எங்கள் வீட்டு ஆள் என்று நினைத்த அன்றைக்கே அவரைக் கேட்பதை விட்டுவிடுகிறோம். ஊராரை ஒவ்வொருவராக வந்தீங்களோ, இருந்தீங்களோ என்று விசாரிப்போம். எங்கள் ஆளுக்கு நாங்களே ஓம் சொல்லிவிடுவோம். உன் பெரியம்மா மகளின் கலியாணத்தில் பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு, உன் அப்பா பசியோடு வீட்டுக்கு வந்து, ராத்திரி பாண் கேட்டது ஞாபகமா? அவர் சாப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். என்னோடு சாப்பிட்டிருப்பார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முன்விறாந்தையில் உன் வேலைக்கு உனக்காக நான் ஓம் சொன்னதும், பஸ்ஸில் உன் மாமிக்காக ஓம் சொன்னதும் ஒன்றுதான். மருமகன் நல்ல பிள்ளை, வாய்தான் திறக்காது. எங்களை ஏற்றிவிட வந்த அன்று, விமான நிலையத்தில் தாயின் பெட்டியை விட்டுவிட்டு முதலில் உன் பெட்டியைத் தூக்கிய பிள்ளை அவர். அவருக்கு என்ன விருப்பம் என்று நீ ஊகிக்காதே, கேள். உன் விருப்பம் அவருக்குத் தெரியும் என்று இராதே, சொல். ஒரே வீட்டில் இருப்பவர்களைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நீ இரண்டாவது பயணத்தில் இருக்க, இங்கே நேற்று நடந்ததைச் சொல்லுகிறேன். நாள் பார்க்கச் சாத்திரியார் வீட்டுக்கு வந்திருந்தார். உன் மாமியும் மருமகனும் மூதூர்ப் பக்கமிருந்து காலையிலேயே வந்துவிட்டார்கள். இந்த முறை மாமி கதிரையின் நுனியில் இருக்கவில்லை. நேரே குசினிக்கு வந்து, எனக்கு முன்னே தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்தா. மாமியிடம் நான் கொடுத்த வாக்கை எப்படித் திருப்பி வாங்குவது என்று நான் விடியத் தொடக்கம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்திரியார் விரல் மடித்து, பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனி மாதத்தில் இதைப்போல ஒரு முகூர்த்தம் வராது, இரண்டு பேருக்கும் குருபலன், விடவேண்டாம் என்றார். அப்பா தலையாட்டினார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

“ஆனி சரிவராது ஐயா. தையில பாருங்கோ” என்றா உன் மாமி.

ஆனியில் என்ன குறை என்று சாத்திரியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆனியில மலையில பனி கரைஞ்சு பாதை திறக்கிற காலம். அப்பதான் மருமகளுக்கு வேலை கூட.”

சாத்திரியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் பிள்ளை வேலைக்குப் போவாவோ, அதுவும் அவ்வளவு தூரமோ என்று கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி, தாயை முந்திக்கொண்டு, “ஓம் ஐயா, போவா” என்றார். மாமி மகனை ஒருமுறை பார்த்தா. பிறகு சாத்திரியாரிடம் திரும்பி, “ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவா. கூட்டிக்கொண்டும் வருவா” என்றா.

தை மாதத்தில் நல்ல நாளாகவே அகப்பட்டது. பால் அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டேன். உன் பையில் இருக்கிற அந்தக் கடிதத்தை, அந்தக் கொழுக்கட்டைக் கடையில் அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டு, அந்தப் பொம்பிளைகளிடம் உன் மாமி சுகம் கேட்டதாகச் சொல். உன்னோடு வந்தவர்களையெல்லாம் லாபம் என்று தொடங்கி எண்ணி ஏற்றி, பத்திரமாகக் கொண்டுவந்து வீடுகளில் சேர்த்துவிட்டு, ஆறுதலாக வா மகள். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.